பேசக் கூடாத பத்து நாட்கள்

என் குரல் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது ஒரு திங்கட்கிழமை காலை, எட்டாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்க வாயைத் திறந்தபோதுதான். முதல் பெயரைச் சொன்னேன். காற்று மட்டும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். பழைய கதவு கீச்சிடுவதுபோல ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. முன்பெஞ்சுப் பிள்ளைகள் நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

எப்போது போயிருக்கும் என்று யோசித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் கத்தியதுதான் நான் கடைசியாகப் பேசியது. சனிக்கிழமை துணி துவைத்தேன், அறையைப் பெருக்கினேன், சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டுத் திருத்தினேன். வழக்கமாக ஞாயிறு சாயங்காலம் அம்மா போன் பண்ணுவாள். அந்த வாரம் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்ததால் பண்ணவில்லை. காலையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். தினமும் போகிறவள் என்பதால் கண்டக்டர் எங்கே என்று கேட்காமலே சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். ஆக இரண்டரை நாளில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவை வரவில்லை. குரல் போனதைவிட இதுதான் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது.

நான் தேனிப் பக்கத்துக்காரி. தேர்வு எழுதி, இரண்டு வருஷம் காத்திருந்து, கடைசியில் வேலை கிடைத்தது இந்தக் கடற்கரையில். மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி. அறிவியல் ஆசிரியை. ஊருக்குப் போக மதுரை ரயில் பிடிக்க வசதியாக இருக்கும் என்று செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி அறை எடுத்தேன். ரயில் வசதிதான். ஆனால் பள்ளிக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். வந்து சேரும்போது கீழ்வீட்டுக்காரர்கள் டிவி முன்னால் இருப்பார்கள். நான் படியேறிப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே எட்டாம் வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. அதற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "அங்கிட்டு என்ன பேச்சு? இங்கிட்டுத் திரும்பு" என்றேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. மறுநாளிலிருந்து நான் "அங்கிட்டு டீச்சர்". வராந்தாவில் நடந்தால் பின்னாலிருந்து "அங்கிட்டு" என்று ஒரு குரல், "இங்கிட்டு" என்று ஒரு குரல். எனக்கும் அவர்கள் பேச்சு பிடிபடவில்லை. "டீச்சர், அவன் இன்னாமோ பண்ணிகினு கீறான்" என்று ஒருவர் முறையிட்டால், முறையீடு புரிவதற்குள் அடிதடி முடிந்திருக்கும்.

கல்வியியல் கல்லூரியில் வகுப்பை அடக்குவது பற்றி எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான். இங்கே நாற்பத்திரண்டு பேர். ஜன்னலைத் திறந்தால் கடல்காற்றில் மணல் வரும். சாத்தினால் வெக்கை. காற்றையும் அவர்களையும் மீறிக் கேட்க வேண்டும் என்றால் கத்தத்தான் வேண்டும். கத்தினேன். தினமும் ஆறு பாடவேளை.

அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். உயரமானவள், நன்றாகச் சிரிப்பவள். கூச்சல் எப்போதும் அவளிடமிருந்துதான் தொடங்கும். பாடம் விளக்கும்போது ஒழுங்காக இருப்பாள், கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில்கூடச் சொல்லுவாள். புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் தொடங்கிவிடுவாள். பேனாவைக் காணோம், வயிற்று வலி, பக்கத்தில் இருப்பவள் இடிக்கிறாள், ஏதாவது ஒன்று. நான் கத்துவேன். அவள் எதிர்த்துப் பேசுவாள். வெளியே நிற்க வைப்பேன். மூன்று மாதத்தில் அவளை எத்தனை முறை வெளியே நிற்க வைத்தேன் என்று எனக்குக் கணக்கில்லை.

ஆசிரியர் அறையில் யாரும் என்னிடம் கெட்டவர்களாக இல்லை. சேர்ந்த அன்று எல்லாரும் ஊரைக் கேட்டார்கள். "ரொம்ப தூரமாச்சே" என்றார் கணக்கு ஆசிரியை. "தெக்க இருந்து வர்றவங்க ரெண்டு வருஷத்துல மாறுதல் வாங்கினு போயிடுவாங்க. நீங்களும் போயிடுவீங்க." அவ்வளவுதான். போய்விடப் போகிறவள் என்று முடிவாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவில் ஒரு கரண்டிக் குழம்பு வைப்பார்கள். பேச்சு அவர்கள் பிள்ளைகளின் பள்ளிகளைப் பற்றி, நாவலூரில் வேலை பார்க்கும் மருமகளைப் பற்றி, மாறுதல் கலந்தாய்வைப் பற்றி நடக்கும். நான் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். நாலேகாலுக்கு எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் ரோட்டுக்கு நடப்பேன்.

குரல் போன மறுநாள் விடுப்பு எடுத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். சீட்டு வாங்கும் இடத்தில் பெயர், வயதை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். சீட்டு எழுதிய அம்மா தாளைப் பார்த்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட யாரும் வர்லயாம்மா?" தலையை ஆட்டினேன். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் நுனியில் சின்னக் கண்ணாடி வைத்த குச்சியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"டீச்சரா?" என்றார். அதை மட்டும் நான் எழுதிக் காட்டவில்லை.

தலையசைத்தேன்.

"வருஷா வருஷம் உங்களை மாதிரிப் புதுசா சேர்ந்தவங்க வர்றாங்க. குரல் நாண் வீங்கியிருக்கு. பத்து நாள் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். வீட்ல இருக்கறவங்ககிட்டயும் சொல்லிடுங்க, உங்களைப் பேச வைக்க வேணாம்னு."

வீட்டில் யாரிடம் சொல்வது? மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை தலைமையாசிரியை என் சீட்டைப் படித்துவிட்டு, "மருத்துவ விடுப்பு போட்டுக்கோங்க. எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்றார். நான் தாளில் எழுதினேன்: 'வந்து கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறேன் அம்மா.' அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடமை உணர்ச்சி என்று நினைத்திருப்பார். உண்மை அதுவல்ல. அந்த மாடி அறையில் பத்து நாள் தனியாகப் பேசாமல் இருப்பதைவிட ஆட்கள் நடுவில் பேசாமல் இருப்பது தேவலை என்று பட்டது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

எட்டாம் வகுப்பில் நுழைந்ததும் பலகையில் எழுதினேன்: 'எனக்குத் தொண்டையில் வீக்கம். பத்து நாள் பேச முடியாது. எல்லாவற்றையும் எழுதுவேன். படித்துச் செய்யுங்கள்.' முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி சத்தமாகப் படித்தாள். "ஐய்" என்று பின்னாலிருந்து ஒரு சந்தோஷக் கூச்சல். முதல் நாள் சந்தைக்கடைதான். நான் ஸ்கேலால் மேசையைத் தட்டினேன், யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு தட்டுவதையும் விட்டுவிட்டு என் பாட்டுக்கு எழுதினேன். நடுவில் படம் வரைந்தேன், படத்தின் கீழே கேள்வி எழுதினேன்.

இரண்டாம் நாள் 'கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிப்பது எப்படி?' என்று எழுதியபோது வகுப்பு கொஞ்சம் அடங்கியது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிற ஆலையில் இரண்டு மூன்று பேருடைய அப்பாக்கள் வேலை பார்த்தார்கள். ஒரு மாணவி வந்து சாக்பீஸை வாங்கி, குழாய், தொட்டி, சவ்வு என்று தப்பும் தவறுமாக வரைந்தாள். ஒரு பையன் எழுந்து போய்த் திருத்தினான். அரை மணி நேரம் அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னல் ஓரம் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வகுப்புக்கு நான் தேவையில்லையோ என்றும் இருந்தது.

பேசாமல் நிற்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை. பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் ஒரு வரியை எழுதி முடித்ததும் பாதிப் பேர் பலகையைப் பார்த்தார்கள். சில பேர் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்தார்கள். 'பக்கம் எண்பத்து நான்கைத் திறக்கவும்' என்று எழுதினால், அவர்கள் அடுத்தவர் திறக்கும்வரை காத்திருந்து பிறகு திறந்தார்கள். எண்ணினேன். ஏழு பேர். மூன்று மாதமாக நான் உரக்கச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் காதால் கேட்டுச் சமாளித்திருக்கிறார்கள். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதத் தெரிந்ததால் நோட்டிலும் எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் ஏழு பேருக்குப் படிக்கத் தெரியாது.

ஆனால் அந்த ஏழில் மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை நான் சேர்த்திருக்கவில்லை. அவ்வளவு வாய் பேசுகிறவளைப் பற்றி அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பக்கத்துப் பெண் வரவில்லை. பலகையில் ஒரு வரியை எழுதி, அவளைக் கைகாட்டிப் படிக்கச் சொன்னேன். அவள் எழுந்து, "டீச்சர் எழுதினத டீச்சர்தான் படிக்கணும்" என்றாள். வகுப்பு சிரித்தது. முன்பென்றால் அந்த இடத்தில் கத்தி அவளை வெளியே அனுப்பியிருப்பேன். அவளும் வெற்றியோடு போயிருப்பாள். இப்போது கத்த முடியாது. சாக்பீஸை வரியின் அடியில் வைத்தபடி நின்றேன். சிரிப்பு ஓய்ந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கண்ணு தெர்ல டீச்சர்" என்றாள்.

நான் அந்த வரியை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் கையளவு பெரிதாக எழுதினேன். திமிரை அடக்குகிறேன் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு அசைந்தது. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு, நான் அனுப்பாமலே, வெளியே போனாள். கூப்பிட எனக்குக் குரல் இல்லை. வாசல் வரைக்கும் ஓடினேன். அவள் மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சனி ஞாயிறு மாதிரி ஒரு சனி ஞாயிறு எனக்கு வந்ததில்லை. செய்ததை ஒருவரிடம் சொல்லி, 'நீ வேண்டுமென்றா செய்தாய்' என்று கேட்டுக்கொள்ள ஆளில்லை. ஞாயிறு சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். முன்னாலேயே குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தேன். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று ஏற்பாடு. போனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சாப்ட்டியா?"

ஒரு தட்டு.

"வலிக்குதாடா?"

இரண்டு தட்டு.

பிறகு அம்மா தானாகப் பேசினாள். நான் பதில் சொல்லாததால் நிறுத்தத் தெரியாமல் பேசினாள். நான் கிளம்பி வந்த பிறகு என் கட்டிலில் துணி மூட்டையைப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். காலியாகக் கிடந்தால் பார்க்கப் பிடிக்கவில்லையாம். இத்தனை நாள் போனில் இதைச் சொன்னதில்லை. "அங்க உனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டாள். ஒரு தட்டுத் தட்டினேன். பொய்தான். தட்டுவதில் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்தப் பெண் வரவில்லை. ஆசிரியர் அறையில் தாளில் எழுதிக் கேட்டேன். "அது அப்படித்தான், நாலு நாள் கழிச்சு வரும்" என்றார்கள். முதல் இரண்டு நாள் எனக்குப் பனங்கற்கண்டும் மிளகும் கொண்டுவந்து கொடுத்தவர்கள், இப்போது நான் இருப்பதையே மறந்துவிட்டிருந்தார்கள். "அது இன்னும் எத்தனை நாளைக்குப் பேசாதாம்?" என்று ஒருவர் இன்னொருவரிடம் என் தலைக்கு மேலே கேட்டார். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணின் அம்மா மாமல்லபுரத்தில் மீன் விற்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜூலையில் நான் புகார் சொல்லக் கூப்பிட்டு அனுப்பியபோது வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் மாறும்போது, நிலையத்துக்குப் பின்தெருவில் மீன் விற்கும் இடத்துக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் ஈக்களை விரட்டிய அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னா டீச்சர், மறுபடியும் இன்னா பண்ணா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டி, நோட்டை நீட்டினேன். பஸ்ஸில் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் கண் வரிகளின் மேல் ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றது.

"எனக்குப் படிக்கத் தெர்யாது டீச்சர்" என்றார், மீன் விலை சொல்லுகிற மாதிரிச் சாதாரணமாக.

பக்கத்தில் மீன் வாங்க வந்து நின்ற ஒரு பெண், "குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்று கையை நீட்டினாள். நான் நோட்டைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது 'உங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியவில்லை, அதை நான் எல்லார் முன்னாலும் வெளிப்படுத்திவிட்டேன்' என்பது. தெருவில் வைத்து அதை இன்னொரு முறை வெளிப்படுத்த வேண்டுமா? அந்தப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு மீனைக் காட்டி விலை கேட்டாள்.

அவள் போனதும் கையை உயரத்தில் வைத்து மகளின் உயரத்தைக் காட்டினேன். பிறகு விரல்களை ஆட்டி, வரவில்லை என்று காட்டினேன்.

"வர்லயா? காலைல பைய மாட்டிகினுதான போறா" என்றார். ஒரு சங்கரா மீனை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். "எங்க போய் குந்தினுக்கீறான்னு நான் பாத்துக்கறேன். நாளைக்கு வருவா. நீ இன்னா, தொண்டைல வலி வச்சுகினு இவ்ளோ தூரம் வந்துகீற? குந்து டீச்சர்."

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். பஸ் வரும்வரை அவர் பேசினார். மூத்தவள் ஒரு ரிசார்ட்டில் துணி மடிக்கிற வேலைக்குப் போவதை, இவளாவது படிக்கட்டும் என்று அனுப்புவதை, புருஷன் கடலுக்குப் போகாத நாளில் வீடு எப்படி இருக்கும் என்பதை. அந்த வாரத்தில் என் முகத்தைப் பார்த்து ஒருவர் அவ்வளவு நேரம் பேசியது அதுதான்.

புதன்கிழமை அவள் வந்தாள். வகுப்பில் ஒரு சேட்டையும் இல்லை. அது சேட்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, யாரும் அவளோடு சேர்ந்து சிரிக்கவும் இல்லை. நாலு மணி அடித்ததும் அவளை இருக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். மற்றவர்கள் போன பிறகு அவள் கதவருகே நின்றாள்.

"எங்கம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?"

இரண்டு கையையும் விரித்தேன். எதுவும் இல்லை.

"மத்த டீச்சருங்ககிட்ட?"

தலையை ஆட்டினேன். அவர்களிடமும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதினால் அவளுக்குப் படிக்க வராது. சைகையில் எப்படிக் கேட்பது? எட்டாவது நாள் அது. டாக்டர் சொன்னதை மீறினேன்.

"மன்னிச்சுக்கத்தா" என்றேன். எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில், பாதி காற்றாக வந்தது.

அவள் பதறிவிட்டாள். "பேசாதீங்க டீச்சர், தொண்ட போய்டும்" என்று கிட்டே ஓடி வந்தாள். பிறகு, "'த்தா'ன்னா இன்னா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைப் பிரியமாகக் கூப்பிடுவது என்று சொல்ல முடியாமல் அவள் தலையைத் தொட்டேன். புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் முடிந்து டாக்டரிடம் காட்டினேன். வீக்கம் வற்றிவிட்டது, இனிமேல் கத்தினால் திரும்பி வரும் என்றார். குரல் வந்தது. பழைய குரல் முழுசாக வரவில்லை, கொஞ்சம் கரகரப்பு தங்கிவிட்டது. கத்தவில்லை. கத்தாமலே வகுப்பு அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். சில நாள் அடங்கும், சில நாள் அடங்காது. அடங்காத நாளில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன்.

அவளையும் சேர்த்து எட்டுப் பேருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'க' 'ங' எழுதுவதை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று ஆய்வகக் கதவைச் சாத்திக்கொள்வோம். இரண்டு பேர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். ஒருத்தி வேலைக்குப் போகும் அண்ணனோடு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டாள். மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒரு வாரம் வருவாள், ஒரு வாரம் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பாள். கொம்பும் துணைக்காலும் அவளை அழ வைத்தன. நான் செய்வது சரியா, இதற்கு வேறு முறை இருக்கிறதா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. ஆசிரியர் அறையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஆரம்பப் பள்ளியில பண்ண வேண்டியது" என்றார் கணக்கு ஆசிரியை. அதுவும் உண்மைதான். அப்புறம் நான் சொல்லவில்லை.

ஆண்டுத் தேர்வில் அறிவியல் தாளன்று நான்தான் அந்த அறையில் கண்காணிப்பாளர். அவள் கேள்வித்தாளின் மேல் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரு கேள்வியைப் படிக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் பார்க்கவில்லை. இரண்டரை மணி நேரத்தில் நாலு விடை எழுதினாள். அதில் ஒன்று தப்பு.

தாளைக் கொடுக்கும்போது கேட்டாள், "ஒம்பதாவதுக்கும் நீங்கதான் வருவீங்களா டீச்சர்?"

"இல்லம்மா. ஒன்பதாவதுக்கு வேற டீச்சர்."

"அவங்களுக்கு நீங்க சொல்லுவீங்களா, எனக்கு மெதுவாத்தான் படிக்க வரும்னு?"

"நீயே சொல்லலாம்."

யோசித்தாள். "சரி" என்றாள். வெளியே அவள் சிநேகிதிகள் காத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்துகொண்டாள்.

நான் விடைத்தாள்களை வரிசை எண்படி அடுக்கிக் கட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ரோட்டுக்கு வந்தேன். பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது.